முந்நூற்று நாலும் என் சேலையும்

பொறாமைக்காரி என்று யாராவது என்னைச் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். பொறாமை இருந்தது. வயிறு பற்றி எரிந்தது. காரணமில்லாமல் எரிந்தது என்று சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும்.

வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டபோது எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளையெல்லாம் பிரித்துப்போட்டு, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டு அடைத்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதாம். காலையில் பால்வெட்டப் போகும்போது கேட்டில் மடியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு கவளம் சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. கடையில் பால் டின் வாங்கினால்கூடக் காட்டுக்குக் கடத்த முடியாதபடி கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். சாயங்காலம் சங்கு ஊதிவிட்டால் அவரவர் வாசற்படியைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு கை உப்பு வாங்குவதற்கும் வழியில்லை.

வீடுகள் பற்றாததால் என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் சேர்த்து ஒரே வீடு கொடுத்தார்கள். ஆக நாங்கள் நாலு பேர்: அவர், நான், என் கொழுந்தன், கொழுந்தனுக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்தவள். அவள் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்துப் பெண். நாலு பேரை ஒரு கூரைக்குக் கீழே அடைத்துவைத்து, பொழுதும் போகாமல் இருந்தால் என்ன செய்வார்கள்? பாயை விரித்துச் சீட்டுப் போட்டோம்.

ஆடியது முந்நூற்று நாலு. நாலு பேர் பாயின் நாலு பக்கமும் உட்கார வேண்டும். எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. இத்தனை எண் எடுப்போம் என்று யார் பெரிய எண்ணாகக் கேட்கிறாரோ அவர் ஒரு இனத்தைத் துரும்பாக வைப்பார். அந்த இனத்துச் சீட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டும். எந்த இனத்திலும் ஜாக்கிதான் பெரிசு, அதற்கு அடுத்தது ஒன்பது. கேட்கிற எண்ணைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது. கூட்டாளி கையில் என்ன இருக்கிறது என்பதை அவர் போடுகிற சீட்டிலிருந்தேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்காரக் கூடாது. ஒரே தலையணையில் படுக்கிறவர்களுக்குக் கண் சிமிட்டினாலும் இருமினாலும் விளங்கிவிடும், அப்புறம் ஆட்டமா அது என்பார்கள். சரி, அண்ணனும் தம்பியும் ஒரு கட்சி, நாங்கள் இரண்டு பெண்களும் ஒரு கட்சி என்று முதலில் உட்கார்ந்தோம். அண்ணனும் தம்பியும் அன்றைக்கே, "நீ ஏன் அதைப் போட்டே", "நீ ஏன் வெட்டலே" என்று கத்தி, சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார்கள். மறுநாள் வேலைக்குப் போகும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார்கள். "சரி, மாத்தி உக்காருங்க, சனியன் தொலையட்டும்" என்று நான்தான் சொன்னேன். எனக்கு எதிரே கொழுந்தன் வந்தான். என் வீட்டுக்காரருக்கு எதிரே அவள் போய் உட்கார்ந்தாள்.

அவருக்கு அவள் தம்பி பெண்டாட்டி. அவளுக்கு அவர் மூத்தார். மூத்தார் எதிரே நின்று பேசக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, அவர் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்த முறையையெல்லாம் அவள் ஒரு குறையும் வைக்காமல் நடத்தினாள். கேட்கிற எண்ணைக்கூடப் பாயைப் பார்த்துத்தான் சொல்லுவாள். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் புருஷனிடம், "பெரியவருகிட்ட சொல்லுங்க" என்பாள். நல்ல பெண்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகம் இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேனே!

அவள் ஆடினாள் பாருங்கள், அதுதான் என்னைக் கொன்றது. அண்ணன்மார்களோடு ஆடி வளர்ந்தவளாம். இவர் ஒரு சீட்டைப் போட்டால் அடுத்து இவருக்கு எது வேண்டுமோ அது அவள் கையிலிருந்து விழும். இவரும் அப்படியே. என் குழம்பில் உப்பு இல்லையென்பது பாதிச் சோறு உள்ளே போன பிறகுதான் இவருக்குத் தெரியும். அவள் கையில் டைமன் ஒன்பது இருப்பது முதல் சுற்றிலேயே தெரியும். நான் வாய் வலிக்கப் பேசினால் "ம்" என்பார். அவள் வாயே திறக்காமல் போடுகிற சீட்டுக்கு, "அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டுவார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இரண்டு பேர் இவ்வளவு பேசிக்கொள்ள முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த எதிர்ப்பக்கத்து இடம் எனக்கு வேண்டும். ஒரே ஒரு தடவையாவது வேண்டும். அது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

எனக்கும் ஒரு பெயர் இருந்தது, சொல்லாமல் விடுவானேன்? ஆட்டத்தில் நான் சுமார்தான். சட்டத்தில் என்னை அடிக்க ஆளில்லை. நான் பிறந்தது மம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் சீட்டும் சண்டையும்தான். எந்தச் சட்டம் எதற்காக வந்தது என்பது அந்தச் சண்டைகளைக் கேட்டே எனக்குப் பாடமாகிவிட்டது. இங்கே லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். சங்கு ஊதினபிறகு அந்த இடைவெளி வழியாகத்தான் வழக்குகள் வரும். "அக்கா! ஒருத்தன் இனம் தப்பிப் போட்டுட்டான், அடுத்தவன் அதுக்கு மேல வெட்டிட்டான், இப்ப எது செல்லும்?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்கள். இரண்டு சட்டம் முட்டிக்கொண்டால் என்னைத்தான் கேட்பார்கள். நான் ஒரே மாதிரிதான் பதில் சொல்லுவேன். சட்டம் எதற்காக வந்தது என்று பார். அந்தக் காரணம் இல்லாத இடத்தில் அந்தச் சட்டம் படுத்துக்கொள்ளும். காரணம் இருக்கிற சட்டம் நிற்கும்.

ஒரு சாயங்காலம் எங்கள் பாயிலேயே ஒரு வழக்கு வந்தது. அவள் இஸ்பேடைத் துரும்பாக வைத்தாள். வைத்த கையோடு, "எட்டும் எங்களுக்கு" என்று சொல்லிவிட்டாள். ஆளுக்கு எட்டுச் சீட்டு, எட்டுச் சுற்று; அந்த எட்டுப் பிடியையும் எடுப்பேன் என்று முதலிலேயே சொல்லி எடுத்துக் காட்டினால் ஆட்டம் இரண்டு மடங்கு. ஒன்று தவறினாலும் அந்த இரண்டு மடங்கு எதிர்க்கட்சிக்குப் போய்விடும். எட்டையும் எடுத்தாள். அப்புறம் விரித்துப் பார்த்தால் எனக்கும் கொழுந்தனுக்கும் ஒரு இஸ்பேடுகூட வந்திருக்கவில்லை. எதிர்க்கட்சிக்குத் துரும்பே வராவிட்டால் அந்த ஆட்டம் செத்தது, மறுபடி கலைத்துப் போட வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

"செத்த ஆட்டம்லா இது" என்றான் கொழுந்தன்.

"எட்டும் எடுத்தாச்சு, எப்படிச் சாகும்? போடா!" என்றார் இவர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "எட்டும் எடுக்கிறேன்னு சொல்றதுக்கு ஏன் ரெண்டு மடங்கு?" என்றேன். "தைரியத்துக்கு. எதிராளி கையில ஒரு துரும்பு இருந்து வெட்டிருவானோங்கிற பயத்தோட சொல்லணும். வெட்டவே ஆளில்லாத எடத்துல என்ன தைரியம் வேண்டிக்கிடக்கு? ரெண்டு மடங்கும் கெடையாது, ஒரு மடங்கும் கெடையாது. கலைச்சுப் போடுங்க."

பொறாமையில் சொன்னேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். தீர்ப்பு சரி. அவளே, "அக்கா சொல்றதுதான் சரி" என்று சீட்டை வாரி எடுத்தாள். இவர் மட்டும் அவள் வாருகிற சீட்டைப் பார்த்தபடி, "செத்தாலும் என்னா ஆட்டம்!" என்று சிரித்தார். நான் தீர்ப்பில் ஜெயித்தேன், அந்தச் சிரிப்பில் தோற்றேன். அன்றைக்கு அடுப்பில் வைத்த கருவாடு கருகிப்போனது. வேண்டுமென்றேதான் விட்டேன்.

இப்படி இருக்கும்போது, ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஒரு பந்தயம் வைத்தார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், முந்நூற்று நாலு என்றால் அவருக்கு உயிர். வேலிக்கு வெளியே திருவிழா இல்லை, படம் பார்க்கச் சிரம்பானுக்குப் போக லாரி இல்லை, சனங்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவதற்குள் ஏதாவது செய்வோம் என்று நினைத்தாரோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயக்கொட்டகையில் ஆட்டம். பரிசு பால் டின். ஆண்களில் பாதிப் பேர் மாறி மாறி வேலிக்காவலுக்குப் போனதால் ஜோடி சேரவில்லை. அதனால் பெண்களும் ஆடலாம், ஆனால் பெண்கள் தங்கள் வீட்டு ஆளோடுதான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். புருஷன் பெண்சாதி எதிரெதிரே கூடாது என்பது வழக்கம்போல நிற்கும் என்றார்.

கேட்ட உடனே இவர் தம்பியிடம், "அப்ப நாம நாலு பேரும் வீட்டுல உக்கார்ற மாதிரியே போயிருவோம்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால், எங்களை வேலை வாங்குகிற மண்டோரின் பெண்சாதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். "என்னங்க கிராணி ஐயா இது கூத்து! தம்பி பொண்டாட்டி மூத்தாருக்கு எதிர்ல உக்காந்து, ஊரு பாக்க மொகத்தப் பாத்துக்கிட்டு ஆடுறதா? வீட்டுக்குள்ள என்ன பண்ணாங்களோ எனக்குத் தெரியாது. இங்க நடக்க விடமாட்டோம்." பின்னால் நின்ற பெண்களெல்லாம், "ஆமா, ஆமா" என்றார்கள். என் ஓரகத்தி முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

கிராணி தலையைச் சொறிந்தார். "இதென்ன வில்லங்கமாக் கிடக்கு! பெண்சாதியோட இருக்கேலாது எண்டு சீட்டுச் சட்டம். தம்பி பெண்சாதியோட இருக்கேலாது எண்டு உங்கட முறை. வீட்டு ஆளாத்தான் இருக்கவேணும் எண்டு நான் சொன்னது. அப்ப இந்த மனுசன் ஆரோட இருக்கிறது?"

"தம்பியோட" என்று யாரோ சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும். "வேண்டாம் சாமி" என்று தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். கொட்டகை சிரித்தது. இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. அந்தத் தொங்கின முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. மாரியாத்தாளே கொண்டுவந்து என் வாயில் வைத்த மாதிரி வந்தது.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றேன். "புருசன் பொண்டாட்டி கூடாதுன்னு எதுக்குச் சொன்னாங்க? மொகத்தப் பாத்து சாடை காட்டிருவாங்கன்னுதானே? மொகமே தெரியாட்டி அப்புறம் அந்தச் சட்டத்துக்கு என்ன வேலை?"

"முகம் தெரியாமல் எப்பிடி ஆடுறது பிள்ளை?"

"நடுவுல ஒரு சேலை கட்டுங்க. பாய்க்கு மேல ஒரு சாண் எடம் விட்டுத் தொங்கட்டும். போடுற சீட்டு எல்லாருக்கும் தெரியும். ஆளு தெரியாது."

கிராணி மேசையைத் தட்டினார். "அட, பொம்பிளைக்கு மூளை இருக்கு! கொண்டுவாரும் பாப்பம்."

ஓடினேன். வீட்டுக்கு ஓடி, பெட்டியைத் திறந்து, என் பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். இருந்ததில் நல்லதும் அழுத்தமானதும் அதுதான். மெல்லிசுச் சேலை என்றால் நிழல் தெரியும் என்று குறை சொல்லுவார்கள். பாயின் ஒரு மூலைக்கு மேலிருந்து எதிர்மூலைக்கு மேல் வரைக்கும் குறுக்கே கயிறு கட்டி, சேலையை மடித்துத் தொங்கவிட்டோம். அப்படிக் குறுக்கே கட்டினால் இரண்டு ஜோடிக்கும் அந்த ஒரே திரை போதும். கிராணி இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தார். "ஒண்டும் தெரியேல்ல. புருசன் பெண்சாதியும் இருக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். மண்டோர் பெண்சாதியும் இடுப்பில் செருகின முந்தானையை உருவிவிட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சேலைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்காரப் பாவாடையைக்கூட ஒதுக்கிவிட்டேன்.

அப்போது தூணுக்குப் பின்னால் இருந்து அவள் குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அக்கா... அப்ப பெரியவரு மொகமும் எனக்குத் தெரியாதுல்லக்கா?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினபோது காது இரண்டும் சுட்டது.

கிராணி வாய்விட்டுச் சிரித்தார். "அதுவும் சரிதானே! முகம் பார்க்கக் கூடாது எண்டதுதானே முறை? அதான் திரை கட்டியாச்சே. முறைக்காரர் என்ன சொல்லுறியள்?" மண்டோர் பெண்சாதி சேலையைத் தடவிப் பார்த்தாள். குனிந்து கீழே பார்த்தாள். "மொகம் தெரியலேன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டாள், பாவி. நான் என்ன சொல்ல முடியும்? காரணம் இல்லாத இடத்தில் சட்டம் படுத்துக்கொள்ளும் என்று லயம் முழுக்கச் சுவருக்கு மேலே கத்தினவள் நான்தானே. அவள் சொன்னதில் ஒரு சொட்டுத் தப்புக் கிடையாது.

"இப்ப ரெண்டு பேரும் இருக்கலாம்" என்றார் கிராணி என் வீட்டுக்காரரைப் பார்த்து. "நீர் ஆரோட?"

இவர் என் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துவிட்டு வேறு எது சொன்னாலும் தாங்கிக்கொண்டிருப்பேன். பாயைப் பார்த்தார், சீட்டுக்கட்டைப் பார்த்தார். அப்புறம் தம்பியிடம்தான் பேசினார்.

"தம்பி, நீ அண்ணிய எடுத்துக்க."

கடையில் மீன் பங்கு போடுகிற மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "பந்தயம்லா இது, வெளையாட்டா?" என்றார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னார்.

ஒரே வீட்டு ஆட்கள், உங்கள் வழக்கை முதலில் முடித்துக்கொள்ளுங்கள் என்று கிராணி எங்கள் நாலு பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்துவிட்டார். சேலை குறுக்கே தொங்கியதால் அந்தப் பக்கத்தில் அவளும் என் கொழுந்தனும். இந்தப் பக்கத்தில் இவரும் நானும். முட்டி இடிக்கிற தூரம். வீட்டில்கூட இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், வெளிச்சத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

அவர் ஒரு சீட்டைப் போடுவார். போட்டுவிட்டு என் பச்சைச் சேலையைப் பார்ப்பார். சேலைக்குக் கீழே அந்த ஒரு சாண் இடைவெளியில் அவள் விரல் வரும். விரல் வருகிற வரைக்கும் இவர் மூச்சு விடமாட்டார். சீட்டு விழுந்ததும் முகம் மலரும். நான் என்ன போட்டேன் என்பதை யார் கவனித்தார்கள்? எனக்கே நினைவில்லை. கொழுந்தன் அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணி, தூங்கிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். "வாயை மூடிக்கிட்டு ஆடு" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசிப் பிடி வந்தது. அதை எடுக்கிறவர்களுக்கு ஆட்டம். துரும்பெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. நான் கிளாவர் ஒன்பதைப் போட்டேன். அதை அடிக்கக் கிளாவர் ஜாக்கி ஒன்றால்தான் முடியும். அது எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. இவருக்கும் தெரியவில்லை; இவர் கையில் இருந்தது ஒரு உதவாத டைமன். சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு துடித்தது. கல்யாணம் பேசினபோது என் வீட்டில் என்ன பதில் வருமோ என்று காத்திருந்தாரே, அப்போதுகூட இப்படிக் காத்திருந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. நான் உள்ளே இருந்தேன்.

சேலைக்குக் கீழே விரல் வந்தது. கிளாவர் ஜாக்கி விழுந்தது.

கொட்டகையே அதிர்ந்தது. இவர் தொடையில் அறைந்துகொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். அந்த மலர்ந்த முகத்தோடு, கண்ணெல்லாம் பளபளக்க, என் முழங்கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான்.

"பாத்தியா!" என்றார். "ஜாக்கிய கடைசி வரைக்கும் வச்சிருந்தா, பாத்தியா!"

"பாத்தேன்" என்றேன்.